ஆப்பிரிக்காவின் பேசும் மேளம் உண்மையிலேயே பேசுமா?

கரிசல்மகன்:
வணக்கம் நண்பர்களே. ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பாடத்தில் "ஆப்பிரிக்காவில் மேளம் அடித்துத் தொலைவுக்குச் செய்தி அனுப்பினார்கள்" என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. "எப்படிப்பா? எத்தனை அடி அடிச்சா என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். மோர்ஸ் தந்தி மாதிரி ஏதோ குறியீடு இருக்கும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே திருப்தி இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் சொன்னது சரிதானா?

மெய்யெழுத்து:
மகளிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள். மோர்ஸ் மாதிரி இல்லை. மூன்று அடிக்கு 'வா', நான்கு அடிக்கு 'போ' என்று எந்த அட்டவணையும் கிடையாது. மேளத்தில் ஒலிப்பது அவர்கள் வாயால் பேசும் அதே வாக்கியம்தான். வாயில் இருக்கும் மெய்யும் உயிரும் மட்டும் மேளத்தில் இருக்காது, அவ்வளவே.

எப்படி என்றால், காங்கோ ஆற்றங்கரையில் கிசங்கானிக்குப் பக்கத்தில் வாழும் லொகெலே மக்களை எடுத்துக்கொள்வோம். அவர்கள் பேசுவது கெலே மொழி. அதில் ஒவ்வொரு அசையும் மேல் தொனியில் அல்லது கீழ் தொனியில், அதாவது உயர்ந்த சுருதியில் அல்லது தாழ்ந்த சுருதியில், வரும். தொனி மாறினால் பொருளே மாறிவிடும். 'லிசாகா' என்பதை மூன்று அசையும் கீழாகச் சொன்னால் தேங்கிய நீர். கடைசி அசை மட்டும் மேலே போனால் வாக்குறுதி. கடைசி இரண்டும் மேலே போனால் விஷம். வெளியூர்க்காரர்கள் எளிதில் தவறிவிடும் ஒரு வாக்கியமும் உண்டு: 'அலம்பாகா போய்லி'. ஒரு தொனியில் சொன்னால் "ஆற்றங்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்". இன்னொரு தொனியில் சொன்னால் "மாமியாரை வேகவைத்தான்". எழுத்தில் இரண்டும் ஒன்றுதான்.

இப்போது மேளத்துக்கு வருவோம். லொகெலே மேளத்தில் தோலே கிடையாது. நம் வேங்கை, செம்மரம் இருக்கிறதே, அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு சிவந்த மரத்தின் அடிக்கட்டையை எடுத்து, மேலே நீளமாக ஒரு பிளவு மட்டும் விட்டு உள்ளே குடைவார்கள். பிளவின் இரண்டு உதட்டையும் ஒரே கனத்தில் விடமாட்டார்கள். அதனால் ஒரு உதட்டில் தட்டினால் உயர்ந்த ஒலி, மற்றதில் தட்டினால் தாழ்ந்த ஒலி. மொழியில் இரண்டு தொனி, மேளத்திலும் இரண்டு ஒலி. வாக்கியத்தின் மேல் கீழை அப்படியே அடித்தால் போதும்.

கரிசல்மகன்:
நன்றி ஐயா, இப்படி நான் யோசித்ததே இல்லை. ஆனால் ஒரு சந்தேகம். ஒரே மாதிரி மேல் கீழ் வரும் சொற்கள் ஆயிரம் இருக்குமே? மெய்யும் உயிரும் போய்விட்டால் எந்தச் சொல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மெய்யெழுத்து:
சரியான இடத்தில் கை வைத்தீர்கள். இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கெலே மொழியில் 'சாங்கோ' என்றால் அப்பா. 'சொங்கே' என்றால் நிலா. 'கோகோ' என்றால் கோழி. மூன்றுமே மேல், மேல். மேளத்தில் வெறும் இரண்டு தட்டு. கேட்பவன் அப்பா என்று எடுப்பானா, கோழி என்று எடுப்பானா? அதனால் மேளக்காரர் ஒற்றைச் சொல்லை அடிப்பதே இல்லை. நிலா என்று சொல்ல வேண்டுமானால் 'சொங்கே லி தாங்கே லா மங்கா', அதாவது "பூமியைக் குனிந்து பார்க்கும் நிலா" என்று முழுவதும் அடிப்பார். கோழிக்கு 'கோகோ ஒலோங்கோ லா போகியோகியோ', "கியோ கியோ என்று கத்தும் சின்னக் கோழி". தொடர் நீள நீள மேல் கீழ் வரிசையும் நீளும். அவ்வளவு நீண்ட வரிசை இன்னொரு தொடரோடு ஒத்துப்போக வாய்ப்பே இல்லை.

இந்தத் தொடர்களை அடிப்பவர் அப்போதைக்கப்போது கட்டுவதில்லை. பாட்டன் காலத்திலிருந்து வருபவை, ஊரே மனப்பாடமாக வைத்திருப்பவை. பிணம் என்றால் "மண்கட்டிகளின் மேல் மல்லாந்து கிடப்பது". பயப்படாதே என்பதற்கு "வாய்க்கு ஏறிவந்த நெஞ்சை மறுபடி கீழே இறக்கு" என்று அடிப்பார்கள். ஆட்களுக்கும் மேளப்பெயர் உண்டு. தன் பெயர், தகப்பன் பெயர், தாய் பிறந்த ஊர் என்று அது நீளும்.

இதை விரிவாகப் பதிவுசெய்தவர் ஜான் கேரிங்டன் என்ற இங்கிலாந்துக்காரர். 1938இல், 24 வயதில், பாதிரியாராக அதே ஆற்றங்கரையில் உள்ள யாக்குசுவுக்குப் போனார். ஒரு நாள் யாவொங்கமா என்ற சிற்றூருக்கு முன்கூட்டிச் சொல்லாமல் போய் இறங்குகிறார். அங்கே ஆசிரியர், மருத்துவ உதவியாளர், சபை மக்கள் எல்லோரும் கூடி அவருக்காகக் காத்திருக்கிறார்கள். மேளம் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டார், தாமே அடிக்கவும் செய்தார். அவர் காட்டுக்குள் போயிருந்தால் சாப்பாட்டு நேரத்தில் அவர் மனைவி மேளத்தில் கூப்பிடுவாராம்: "காட்டு ஆவியான வெள்ளைக்காரரே, வாரும் வாரும், உயரத்தில் பலகைக்கூரை வேய்ந்த வீட்டுக்கு வாரும், கிழங்கோடு பெண் காத்திருக்கிறாள், வாரும் வாரும்."

பழைய_தந்தி:
இழையை மூன்று முறை படித்துவிட்டேன். நான் தந்தி அலுவலகத்தில் 31 வருஷம் வேலை பார்த்தவன். மோர்ஸ் சாவியில் தொடங்கி, டெலிபிரிண்டர் பார்த்து, கடைசியில் கணினியில் முடித்தேன். 2013 ஜூலை 14 அன்று தந்திச் சேவை முடிந்த இரவு நானும் போய் எனக்கே ஒரு தந்தி கொடுத்துவிட்டு வந்தேன்.

எனக்கு ஆச்சரியமாக இருப்பது ஒன்றுதான். நாங்கள் செய்தது இதற்கு நேர் எதிர். தந்தியில் சொல்லுக்குக் காசு. கவுண்டரில் வருகிறவர்கள் பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக அடித்துக்கொண்டே இருப்பார்கள். "மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி", நாலே சொல், வீடே அழும். வாழ்த்துத் தந்தியில் அதுகூட இல்லை. தீபாவளிக்கு ஒரு எண், கல்யாணத்துக்கு ஒரு எண் என்று பட்டியல் இருக்கும். நாங்கள் அனுப்புவது எண்ணை மட்டும்தான், அந்தப் பக்கம் இருப்பவர் அதை வாக்கியமாக்கித் தருவார்.

அப்படிச் சுருக்க முடிந்ததற்குக் காரணம் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்ததுதான். கம்பி மழையில் நனைந்து இரைச்சல் வந்தால் எங்களுக்கும் சிக்கல்தான். பெயர், எண், தொகை இதையெல்லாம் கடைசியில் இன்னொரு தடவை திருப்பி அனுப்புவோம். நம்பிக்கையில்லாத இடத்தில் கூட்டித்தான் சொல்ல வேண்டும் என்பது தொழிலில் தானாக வந்துவிடும். காங்கோ மேளக்காரருக்கு ஒவ்வொரு சொல்லும் அப்படிப்பட்ட இடம். அதனால் எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னார். எனக்கு அவர் தொழில்காரராகவே தெரிகிறார்.

மெய்யெழுத்து:
ஐயா, நீங்கள் அனுபவத்தில் சொன்னதை அமெரிக்காவில் கிளாட் ஷானன் 1948இல் கணிதமாக எழுதினார். இரைச்சல் உள்ள வழியில் செய்தி சிதையாமல் போக வேண்டுமானால் தேவைக்கு அதிகமாகச் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. மேளத் தொடர்களைப் பற்றிய கேரிங்டனின் நூல் 1949இல் வந்தது. வாயால் ஒரு சொல் சொல்லும் இடத்தில் மேளத்தில் ஏறக்குறைய எட்டுச் சொல் வருகிறது என்கிறார். நெடுங்காலமாக லொகெலே மக்கள் கையில் இருந்த விஷயம் இது. "வீட்டுக்குத் திரும்பி வா" என்பதை அவர்கள் அடிப்பதைப் பாருங்கள்: "உன் பாதங்களைப் போன வழியே திரும்பச் செய், உன் கால்களைப் போன வழியே திரும்பச் செய், நமக்குச் சொந்தமான ஊரில் உன் பாதத்தையும் காலையும் ஊன்று." உங்கள் நாலு சொல் தந்தியும் இதுவும் சொல்வது ஏறத்தாழ ஒன்றுதான்.

நடுநாட்டான்:
தலைப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். நம் பறையும் பேசுமே? எங்கள் ஊரில் சாவுக்கு ஒரு அடி, சாமி புறப்பாட்டுக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி. வயலில் நிற்கும்போது தூரத்தில் அடி கேட்டாலே அப்பா தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார், சாவு என்று தெரிந்துவிடும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை வைத்து எந்தத் தெரு என்பதும் தெரியும். ஆப்பிரிக்காவுக்கு மட்டும் ஏன் 'பேசும் மேளம்' என்ற பெயர்?

மெய்யெழுத்து:
பறையைக் குறைத்துச் சொல்ல எனக்குத் துளியும் எண்ணம் இல்லை. அந்த அடிகளைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். ஆனால் இரண்டும் வேறு வேலை. பறை அடி "சாவு" என்று அறிவிக்கிறது. இறந்தவர் யார், எந்த ஊரில் பெண் எடுத்தவர், எப்போது எடுக்கிறார்கள், எந்தப் பாதையில் வர வேண்டும் என்பதை அடியே சொல்லாது. அதை ஆள்தான் போய்ச் சொல்ல வேண்டும். லொகெலே மேளம் அத்தனையையும் வாக்கியமாகச் சொல்லும், நேற்று வரை யாரும் சொல்லாத புது வாக்கியம் உட்பட. காரணம் அடிப்பவரின் திறமை மட்டும் இல்லை, மொழியின் அமைப்பு. தமிழில் தொனி பொருளை மாற்றாது. 'பால்' என்பதை எந்தச் சுருதியில் சொன்னாலும் பால்தான்.

வெண்பாப்பிரியை:
ஒரு நிமிடம். தொனி இல்லை, சரி. ஆனால் குறில் நெடில் இருக்கிறதே? தமிழை மேளத்தில் அடித்தால் எழுத்துகள் எல்லாம் உதிர்ந்து கடைசியில் மிஞ்சுவது நேர், நிரை. வீட்டில் மேசையில் தட்டிப் பார்த்தேன். 'கற்க கசடற' என்று தட்டினால் தாளம் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் தேமாவில் அடங்கும் சொல் தமிழில் எத்தனை ஆயிரம்! 'அப்பா'வும் தேமா, 'பூனை'யும் தேமா. குறளை ஏற்கெனவே தெரிந்தவர் வேண்டுமானால் கண்டுபிடிப்பார், தெரியாதவரிடம் போய்ச் சேராது. அப்படியானால் தாளம் மட்டும் எங்கேயும் உதவுவதில்லையா?

மெய்யெழுத்து:
அருமையான கேள்வி. உதவுகிறது. ஆனால் அதற்கு நல்ல சான்று அமேசானில் இருக்கிறது. கொலம்பியா, பெரு எல்லையில் வாழும் போரா மக்களும் குடைந்த மரமேளத்தில் பேசுகிறார்கள். அவர்கள் மொழியிலும் இரண்டு தொனிதான். 2018இல் வெளியான ஓர் ஆய்வு அந்த அடிகளின் இடைவெளிகளை அளந்து பார்த்தது. அடிக்கும் அடிக்கும் இடையே விடும் நேரம், நடுவில் நெடில் வருகிறதா, மெய் வந்து அசையை மூடுகிறதா என்பதைப் பொறுத்து மாறுகிறது. அதாவது தொனியோடு கூடவே நம் நேர் நிரை மாதிரியான ஒன்றும் மேளத்தில் போகிறது. கேட்பவர் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லைப் பிடிக்கிறார். நீங்கள் மேசையில் தட்டியது பாதிச் செய்தி. மற்றப் பாதி நம் மொழியில் இல்லை.

கரிசல்மகன்:
எத்தனை தூரம் கேட்கும்? ஒரே இரவில் ஆப்பிரிக்கா முழுக்கச் செய்தி போனதாக எங்கோ படித்தேன்.

பழைய_தந்தி:
எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெரிய மரமேளம் அமைதியான நேரத்தில் பத்துக் கிலோமீட்டர் அளவுக்குக் கேட்கும். அந்திக்கும் விடியலுக்கும் முன்னும் பின்னும்தான் தொலைவுச் செய்தி அடிப்பார்கள். பகலில் தரை சூடாகி ஒலி மேலே வளைந்து போய்விடும். இரவில் தரையோரக் காற்று குளிர்ந்திருப்பதால் ஒலி கீழேயே வளைந்து தொலைவு போகும். ஆற்றுப் பரப்பு இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த ஊர்க்காரர் கேட்டு, தன் மேளத்தில் திருப்பி அடிப்பார். எங்கள் ரிலே நிலையம் மாதிரி. ஆனால் மொழி மாறும் எல்லையில் மேளமும் நின்றுவிடும், பேச்சுதானே அது. கண்டம் முழுக்கப் போனது என்பதை நான் நம்பமாட்டேன்.

இபாதான்_நினைவுகள்:
நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். எழுபதுகளின் கடைசியில் எங்கட ஆக்கள் பலர் நைஜீரியாவுக்கு ஆசிரியர்களாகப் போனார்கள், அப்பாவும் அம்மாவும் அப்படிப் போனவர்கள்தான். எனது பத்து வயதிலிருந்து ஐந்து வருடம் இபாதானில் இருந்தோம். நீங்கள் எல்லோரும் மரமேளத்தைப் பற்றிக் கதைக்கிறீர்கள். யொரூபாக்காரரின் மேளம் வேறு விதம்.

அதன் பெயர் துந்துன். உடுக்கை மாதிரி இடை ஒடுங்கியது, ஆனால் பெரியது. இரண்டு பக்கமும் ஆட்டுத்தோல், அந்தத் தோல்களை இணைத்துச் சுற்றிலும் நெருக்கமாக வார்கள் ஓடும். தோளில் மாட்டி, கமக்கட்டுக்குள் வைத்து, ஒரு கையால் வாரை இறுக்கும்போது சுருதி ஏறும், விட்டால் இறங்கும். மற்றக் கையில் நுனி வளைந்த தடி. கூட்டத்தில் தலைமை மேளத்துக்கு ஈயா இலு, 'தாய் மேளம்', என்று பெயர். அதன் வாயைச் சுற்றிப் பித்தளைச் சலங்கை கட்டியிருக்கும். யொரூபா மொழியில் மேல், நடு, கீழ் என்று மூன்று தொனி. 'ஒகோ' என்றால் தொனியைப் பொறுத்துக் கணவன், மண்வெட்டி, வாகனம், ஈட்டி. இந்த மேளத்தில் சுருதி வழுக்கிக்கொண்டு போகக் கூடியதாக இருப்பதால் ஆள் கதைக்கிற மாதிரியே இருக்கும்.

பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்து எட்டாம் நாள், பெயர் வைக்கும் விழா. எங்களையும் கூப்பிட்டார்கள். மேளக்காரர் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பார்த்துப் பார்த்து அடித்தார். அடிக்கப்பட்டவர் சிரித்துக்கொண்டு எழும்பிப் போய் அவர் நெற்றியில் நைராத் தாளை ஒட்டினார். அவர்கள் குலப்புகழை அடிக்கிறார் என்று பிறகு தெரிந்தது. எங்கள் பக்கம் திரும்பி நாலு அடி அடித்தார்: நடு, நடு, மேல், கீழ். என்னோடு இருந்த சிநேகிதன் முதுகில் தட்டி, "உன்னைத்தான் கூப்பிடுகிறார், 'ஒமோ டீஷா', டீச்சரின் பிள்ளை" என்றான். எனக்கு அன்றுவரை அந்த மேளம் வெறும் சத்தம். அந்த நிமிடத்திலிருந்து அது சத்தமாகக் கேட்கவே இல்லை.

அடிப்பவர்கள் அயன் என்ற பரம்பரை. பெயரே 'அயன்' என்று தொடங்கும், அயன்வாலே, அயன்துண்டே என்று. தாயின் முதுகில் கட்டப்பட்டிருக்கும்போதே கேட்டு வளருகிறவர்கள்.

நடுநாட்டான்:
உடுக்கையிலும் கயிற்றை அழுத்தினால் சுருதி ஏறி இறங்கும். எங்கள் ஊர்ப் பூசாரி கதை பாடும்போது அது அழுவது போலவே இருக்கும். இத்தனை நாள் அதை இப்படி யோசிக்கவில்லை. பறை பற்றிய விளக்கத்துக்கும் நன்றி மெய்யெழுத்து, புரிந்தது.

குமாசிவாசி:
கானாவில் குமாசியில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். இங்கே அசாந்தி மக்களிடம் அத்தும்பான் என்ற இரட்டை மேளம். ஒன்று உயர்ந்த குரல், மற்றது தாழ்ந்த குரல். அடிப்பவர் நின்றபடி, 7 என்ற எண் போல வளைந்த இரண்டு குச்சியால் அடிப்பார். முன்பெல்லாம் யானையின் காதுத் தோலைத்தான் கட்டுவார்களாம். 42 நாளுக்கு ஒரு முறை அக்வாசிடே விழாவன்று மன்யா அரண்மனைக்குப் போனால் கேட்கலாம். நான் முதலில் போனபோது பக்கத்தில் நின்ற பெரியவர் அடி விழ விழ உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார். கூடவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

மேளக்காரர் தொடங்கும்போது முதலில் மேளத்துக்காக வெட்டப்பட்ட துவெனெபோவா மரத்தை விளிப்பார். பிறகு தோல் தந்த யானையை, முளைக்குச்சியை, மண்ணை. ஒவ்வொன்றிடமும் நான் கற்றுக்கொள்கிறேன், எனக்குக் கைகூடட்டும் என்று கேட்டுக்கொள்வார். அப்புறம்தான் மற்றது. இங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரு மேளப்பாட்டு உண்டு. பாதை ஆற்றைக் கடக்கிறது, ஆறு பாதையைக் கடக்கிறது, இரண்டில் மூத்தது எது? பாதையை நாம் வெட்டிக்கொண்டு வந்தோம், ஆறு ஏற்கெனவே அங்கே இருந்தது, அது படைத்தவனிடமிருந்து வந்தது. கானா வானொலியின் அறிமுக ஒலியே அத்தும்பான்தான். "கானா முந்தியே", கானாவே கேள் என்று அது அடிக்கும். இவற்றையெல்லாம் திரட்டி எழுதிய குவாபெனா என்கெத்தியா 2019இல்தான் காலமானார். அவர் எழுதியதைப் படித்த பிறகுதான் அரண்மனை முற்றத்தில் எனக்கு ஏதோ கொஞ்சம் பிடிபட்டது.

வெண்பாப்பிரியை:
யானையிடமும் மரத்திடமும் கேட்டுவிட்டுத் தொடங்குவது... இதைப் படித்து நெகிழ்ந்துவிட்டேன்.

மெய்யெழுத்து:
வெளியார் காதுக்கு இது எவ்வளவு எட்டாமல் இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம். 1841இல் நைஜர் ஆற்றில் வில்லியம் ஆலன் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் போனார். கமரூன்காரரான வழிகாட்டி ஒருவர் கப்பலறையில் இருக்கும்போது திடீரென்று வேறெதையோ உற்றுக் கேட்கிறார். கவனம் எங்கே என்று அதட்டினால், "என் மகன் பேசுவது உங்களுக்குக் கேட்கவில்லையா? மேல்தளத்துக்கு வரச் சொல்கிறான்" என்கிறார். யாருக்கும் குரல் எதுவும் கேட்கவில்லை. மேளம்தான் சொன்னது.

புரிந்தவர்கள் பயந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் தென் கரோலினாவில் 1739இல் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் மேளம் முழங்கக் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த வருடமே, 1740இல், அடிமைகள் மேளமோ கொம்போ வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஆளைப் பிடித்துக் கடல் கடத்திக் கொண்டுவந்தவர்கள், கடைசியில் அவர் கையில் இருந்த மேளத்தையும் பிடுங்கினார்கள். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கரிசல்மகன்:
மகளுக்கு முழு இழையையும் படித்துக் காட்டினேன். இப்போது வீட்டில் எல்லாவற்றுக்கும் நீளப்பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் பூனை "அடுப்படிச் சன்னலில் உட்கார்ந்து பால் பாத்திரத்தையே பார்ப்பது" ஆகிவிட்டது. அவள் ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள்: அந்த இபாதான் மாமா கேட்ட நாலு அடிக்கு வேறு பொருளே வராதா? நாலுதானே, நீளப்பெயர் இல்லையே?

இபாதான்_நினைவுகள்:
பிள்ளை கெட்டிக்காரி. நாற்பது வருடமாக எனக்கு வராத கேள்வி.

இன்று அம்மாவோடு தொலைபேசியில் கதைத்தேன், அவவுக்கு இப்போது 82 வயது. விழா நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் மேளக்காரர் என்னைக் கூப்பிடவே இல்லையாம். "அப்பாவைப் பாத்துத்தான் அடிச்சவன், 'ஒகோ டீஷா' எண்டு. டீச்சரின்ர புருஷன். சனமெல்லாம் அதுக்குத்தான் சிரிச்சது, அப்பா எழும்பிப்போய்க் காசு ஒட்டினவர்" என்றா. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தது அம்மாதான்.

ஒமோ, நடு நடு. ஒகோ, அதுவும் நடு நடு. மேளத்தில் இரண்டும் ஒன்றேதான். "அம்மா, அவன் வடிவாக ஆரைப் பாத்து அடிச்சவன்?" என்று கேட்டேன். "நீயும் அப்பாவும் பக்கத்தில பக்கத்தில, ஒரே வாங்கிலதானே இருந்தனீங்கள்" என்றா.